கோமதியைக் கொல்ல வந்தவளும் காப்பாற்ற வந்தவரும்

அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுத்துப் பிழைக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நன்றாக வந்தால் எழுதியவருக்குப் பேர், தப்பாக வந்தால் அடித்தவனுக்குத் திட்டு. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், அவ்வப்போது ஒரு புத்தகம்.

நீங்களும் இதே செக்கில் சுற்றுகிறவர் என்றால் நான் விளக்க வேண்டியதில்லை. தாய்மாமன் பேரை எழுதிக் கொடுக்க மறந்தது அவர்களாக இருக்கும், மண்டபத்தில் வைத்துத் திட்டு வாங்குவது நாமாக இருப்போம். அதெல்லாம் பழகிப்போச்சு, விடுங்க. பழகாத ஒன்று போன வருஷம் வந்தது. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் படிப்பதற்காகக் கவிதையிலேயே எழுதிய ஒரு முழு நாவல். அது என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒட்டிய வரிகள்

அதை அனுப்பியவர் சரோஜா மேடம். அரசாங்க ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி வீடு, தனிச் சமையல், யார் தயவும் வேண்டாம் என்கிற நடை. "நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து எழுதியிருக்கோம், லேஅவுட் பண்ணிக் கொடுங்க" என்று வாட்ஸ்அப்பில் மொத்தக் கதையையும் அனுப்பினார்.

போனிலிருந்து வருகிற மேட்டரை நம்ம ஆட்கள் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் பாதியில் உடைந்து கிடக்கும். திருத்துகிற முதல் வேலையே அந்த என்டரையெல்லாம் ஒரே அடியில் தூக்கிவிட்டு, வரிகளை ஒட்டி, பத்தி பத்தியாகக் கட்டுவதுதான். கை தன்பாட்டில் செய்யும், கண் பார்க்கக்கூடப் பார்க்காது. அப்படித்தான் முழு நாவலையும் ஒட்டி, இரண்டு ஓரமும் நேராக வருகிற மாதிரி அழகாக ஜஸ்டிஃபை செய்து, பக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பெருமையோடு பிரின்ட் எடுத்து நீட்டினேன். மேடம் முதல் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, மூச்சு விட எடம் விட்டிருந்தோம். அதை ஏன் அடைச்சீங்க?"

ஃப்ரெண்டு

மேடத்தின் ஃப்ரெண்டு என்றால் யார் வருவார் என்று நினைப்பீர்கள்? கூட வேலை பார்த்த இன்னொரு மேடம், கையில் கூடை, ஒரு பிரதோஷக் கதை. நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்தது இளவரசி. பதினெட்டு வயசு, இங்கே ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் முதல் வருஷம். சொந்த ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். அப்பா விவசாயம். நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய மினி வேன் வாங்கியிருக்கிறார். வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள்தான் அறுப்பு நேரத்தில் கிடைப்பதில்லை. "நானே ஓட்டுறேன்பா" என்று சொல்லிவிட்டு, இந்தப் பெண் தஞ்சாவூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

அதே ஸ்கூலில், அதே காலை நேரத்தில், சரோஜா மேடமும் சேர்ந்திருக்கிறார். எதற்கென்றால், ஆட்டோக்காரரோடு பேரம் பேசிப் பேசி அலுத்துவிட்டதாம். புது ஆற்றங்கரை ரோட்டில் ஒருவர் ஓட்ட, ஒருவர் பின் சீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க, இரண்டு மாசம் போயிருக்கிறது. டெஸ்ட்டில் இரண்டு பேரும் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே கம்பத்தை இடித்து ஃபெயில். வெளியே வந்து கரும்புச் சாறு குடித்துக்கொண்டே அந்தக் கம்பத்தைச் சேர்ந்து திட்டியதில்தான் நட்பே பிறந்ததாம். அந்த ஸ்கூல் மாஸ்டர் விசிட்டிங் கார்டு அடிக்க என் கடைக்கு வந்தபோது இவர்களைப் பற்றி விசாரித்தேன்.

"ரெண்டு பேருக்கும் பிரேக் பிடிக்கத் தெரியாதுங்க, வண்டியிலயும் சரி, பேச்சுலயும் சரி."

யார் எழுதியது எது

நாவலும் கிட்டத்தட்ட அதே கதைதான். கோமதி என்று ஒரு வயதான அம்மா, கூட ஒரு காலேஜ் பெண், இரண்டு பேரும் கார் ஓட்டப் பழகுகிறார்கள். ஒரு பக்கம் பெண் பேசுவாள், அடுத்த பக்கம் கோமதி பேசுவார். இரண்டு பேர் எழுதியது என்பதால், யார் எழுதியது என்று பக்கத்தின் அடியில் சின்னதாகப் பேர் போடச் சொன்னார்கள். இதில் என்ன கேட்க வேண்டியிருக்கிறது? பெண் பேசுகிற பக்கத்துக்கெல்லாம் இளவரசி, கோமதி பேசுகிற பக்கத்துக்கெல்லாம் சரோஜா என்று போட்டு முடித்தேன்.

அத்தனையும் தப்பு. பெண்ணின் பக்கங்களை எழுதியது மேடமாம். இதைப் பாருங்கள்:

ரிவர்ஸ் எடுக்கும்போது
கண்ணாடியில் பார்க்கச் சொன்னார் மாஸ்டர்.
பார்த்தேன்.
முகப்பரு இன்னும் போகவில்லை.

எழுபது வயசு ஆள் எழுதியது என்று யார் சொல்வார்கள்? கோமதியின் பக்கங்களை எழுதியது இந்தச் சின்னப் பெண்:

கிளட்சை மெதுவாக விடு என்கிறார்கள்.
எழுபது வருஷமாக
எதையும் மெதுவாக விட்டுத்தான் பழக்கம்.

எனக்கு இரண்டாவதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்வானேன். "ஏம்மா, அவங்கவங்க வயசை அவங்கவங்க எழுதினா எனக்கும் குழப்பம் இருக்காதுல்ல?" என்று இளவரசியிடம் கேட்டேன்.

"எங்க வயசு எங்களுக்கே தெரியும்ணே, அதை எதுக்கு எழுதணும்?"

காற்றும் பேப்பரும்

புத்தகம் போடுகிறவர் இதே ஊர்க்காரர். நல்ல மனுஷர், ஆனால் கணக்கில் கறார். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நாவல் எட்டு பாரத்தில் அடங்காமல் ஒன்பதாவதில் மூன்று பக்கம் எட்டிப் பார்த்தது. "வரியெல்லாம் ஒட்டிப் போடுங்களேன், கதை கதையாவே இருந்துட்டுப் போகுது" என்றார். பட்டது போதும் சாமி என்று மறுத்துவிட்டேன். எழுத்தைச் சிறிசாக்கி, தலைப்பை மேலே தள்ளி எப்படியோ உள்ளே அடக்கினேன்.

அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. கதையின் முடிவில் கோமதி லைசென்ஸ் வாங்கி, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேளாங்கண்ணிக் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். "யாராவது செத்தாத்தானேங்க பிள்ளைங்க அழும், டீச்சருங்க லைப்ரரிக்கு வாங்குவாங்க" என்று முனகினார். அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும்போது கடைசி ப்ரூஃபைப் புரட்டி, பக்கத்துக்குப் பாதி வெள்ளையாக இருப்பதைத் தடவிப் பார்த்தார்.

"கவிதைன்னா நடுவுல காத்து வரணும்கறீங்க, சரி. அந்தக் காத்துக்கும் நான்தானே பேப்பர் வாங்கணும்?"

காலையில் சாவு, சாயங்காலம் உயிர்

அச்சுக்குப் போக வேண்டிய நேரத்தில் மேடத்துக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து, பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் வந்து, ரத்தக் குழாயில் அடைப்பு எடுத்து, ஒரு வழியாகத் தேறி வீட்டுக்கு வந்தார். எனக்கு விஷயமே பிறகுதான் தெரியும். மேடம் வீடு திரும்பிய கையோடு இளவரசி ஒரு நாள் காலையில் காலேஜ் போகிற வழியில் கடைக்கு வந்தாள். முகம் இறுகிப் போயிருந்தது. "முடிவை மாத்தணும்ணே" என்று போனை நீட்டினாள். புது முடிவில் கோமதி ஆஸ்பத்திரியில் செத்துவிடுகிறார். கடைசிப் பக்கம் இப்படி:

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.
பார்த்துப் போ என்று
யாரும் கத்தவில்லை.
நன்றாகத்தான் ஓட்டுகிறேன்.

எழுதியவர் கொடுத்தால் அடிப்பதுதானே நம் வேலை? அடித்தேன். சாயங்காலம் ஆட்டோவில் மேடம் வந்து இறங்கினார். மெலிந்து போயிருந்தார், குரல் மட்டும் மெலியவில்லை. ப்ரூஃபைப் படித்தவர், "எல்லாக் கதையிலயும் வயசானவங்க எதுக்கு தம்பி சாகணும்? சின்னவங்களுக்குக் கண்ணு திறக்கவா? அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. பழைய முடிவையே போடுங்க" என்றார். போட்டேன். மறுநாள் காலையில் இளவரசி வந்து மறுபடி கொன்றாள். சாயங்காலம் மேடம் வந்து மறுபடி பிழைக்க வைத்தார். ஒருத்தர் வருகிற நேரத்தில் இன்னொருத்தர் வரமாட்டார். போன்கூடப் பேசிக்கொள்வதில்லை என்று புரிந்தது. எனக்கு என்னவோ பயமாகிவிட்டது. புத்தகம் நின்றால் நிற்கட்டும், இந்த இரண்டு பேரும் இப்படியே பிரிந்துபோனால்?

"மேடம், சின்னப் பொண்ணு, கூப்பிட்டுப் பேசிடுங்களேன்" என்று தைரியமாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபத்தோடு கண்ணும் கலங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரியில அத்தனை நாள் கெடந்தேன், ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கல. கதையில கொல்றதுக்கு மட்டும் நேரம் இருக்கா அவளுக்கு?"

ஃபைலுக்கு வைத்த பேர்

இரண்டு முடிவையும் மாற்றி மாற்றிப் போட்டதில் எது எது என்று எனக்கே குழம்பியது. அதனால் இரண்டு ஃபைலாகப் பிரித்து, ஒன்றுக்கு 'பாட்டி செத்தாச்சு' என்றும் இன்னொன்றுக்கு 'பாட்டி பிழைச்சாச்சு' என்றும் பேர் வைத்து ஸ்கிரீனிலேயே போட்டிருந்தேன். நாமெல்லாம் செய்வதுதான். கஸ்டமர் பக்கத்தில் உட்காரும்போது ஸ்கிரீனை மூட வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது? மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொலைந்தோம் என்று மவுசைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை.

"செத்தது கூடப் பரவால்ல தம்பி. யாரு பாட்டி?"

கேட்டுக்கு வெளியே

மறுநாள் இளவரசி வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கஸ்டமரைத் திட்டக்கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஏம்மா, ஃப்ரெண்டு ஃப்ரெண்டுன்னு சொல்றியே, அந்தம்மா உயிருக்குப் போராடினப்ப ஒரு எட்டுப் போய்ப் பார்த்தியா? நீ வரவே இல்லைன்னு அவங்க கண் கலங்கறாங்க. இப்ப வந்து கதையில சாகடிக்கறியே, இது நல்லாவா இருக்கு?" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். தினமும் போயிருக்கிறாள். காலேஜ் விட்டு நேராக ஆஸ்பத்திரி. கேட்டில் இருந்த செக்யூரிட்டி "நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஃப்ரெண்டு" என்றிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். "அந்தம்மாவுக்கு நீ ஃப்ரெண்டா? சொந்தக்காரங்களுக்குத்தான் பாஸ், தள்ளி நில்லு" என்றிருக்கிறார். மேடத்தின் போனுக்கு அடித்தால் அண்ணன் மகன் எடுத்து, "ரெஸ்ட்ல இருக்காங்க" என்று வைத்திருக்கிறார். அவருக்கு இவள் யாரென்றே தெரியாது. ஹாஸ்டலுக்குத் திரும்புகிற நேரம் வரைக்கும் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளாம். உள்ளே இருக்கிறாரா, போய்விட்டாரா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த முடிவை எழுதினாளாம். "மனசுக்குள்ள ஒரு தடவை அவங்களைப் பறிகொடுத்துட்டேண்ணே. அது மட்டும் போகவே மாட்டேங்குது. எழுதினாப் போயிடும்னு பார்த்தேன்" என்றாள்.

"இதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "நான் வரமாட்டேன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்கள்ல? இப்பப் போய்ச் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். நீங்களும் சொல்லாதீங்க" என்றாள். அட, ஒரே ஒரு வார்த்தையில் வேலை முடிந்திருக்குமே என்று எனக்கு ஆற்றாமை. "பேத்தின்னு சொல்லியிருந்தா பேசாம உள்ள விட்டிருப்பாங்களே, புள்ள?" என்றேன்.

"பாட்டின்னு கூப்பிட்டாலே மேடத்துக்குப் பிடிக்காதுண்ணே. அவங்க எழுந்து சண்டை போட முடியாத நேரத்துல நான் அதைச் சொல்லலாமா?"

கோமதி

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்கிற வாயா இது? அன்று சாயங்காலம் மேடம் வந்து, "பழைய முடிவு" என்று ஆரம்பிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செக்யூரிட்டி, பாஸ், டீக்கடை பெஞ்சு, ஒன்று விடவில்லை. "ஃப்ரெண்டுன்னா சொன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பேத்தின்னு சொல்லலியா?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். யார் தயவும் வேண்டாம் என்று நடக்கிற மனுஷி என் கடையில் உட்கார்ந்து அப்படி அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தர் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ எழுதின முடிவையே எடுங்க" என்றார். எடுத்தேன். "கோமதி சாகட்டும் தம்பி. அவ பட்டதை அவ எழுதியிருக்கா, நான் குறுக்க நிக்கல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் சேர்க்கணும். சாகறதுக்குள்ள அந்தப் பொண்ணு உள்ள வந்துடணும்" என்றார். பாரம் தாண்டிவிடுமே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:

யார் நீ என்றார்
கேட்டில் இருந்தவர்.
ஃப்ரெண்டு என்றேன்.
சாவியை எடுத்தார்.

பிறகு என் போனிலிருந்து அவரே இளவரசியைக் கூப்பிட்டார். "கடைக்கு வா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் வந்து வாசலில் நின்றாள். மேடம் அவளைப் பார்க்காமல் ஸ்கிரீனைக் காட்டினார். குனிந்து படித்தாள். படித்து முடித்தும் நிமிரவில்லை. மேடம் ஒரு கையை நீட்டி அவள் பின்னலைப் பிடித்து மெல்ல இழுத்தார். "பெஞ்சுல உட்கார்ந்திருந்தியே, சாப்பிட்டியாடி?" என்றார். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து மேடத்தின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் பிரின்டருக்குப் பேப்பர் வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் கையிலிருந்து மவுசை வாங்கினாள். மேடம் சொன்ன பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் தான் எழுதிய பக்கங்களை முழுக்கத் தேர்ந்தெடுத்தாள். காலி சீட்டு, தனியாக ஓட்டுவது, எல்லாவற்றையும். "ஏய், அது உன் கவிதைடி, நல்லா இருக்கு, வை" என்று மேடம் தடுத்தார். அவள் கேட்கவில்லை. அழித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதான் விட்டாச்சேண்ணே, இனிமே அவங்க எதுக்கு சாகணும்?"

இந்த ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அடித்த சாவை அழித்து ஒருத்தரை உயிரோடு அனுப்பிவைத்தது இந்த ஒரு தடவைதான்.